மார்கழிப் பனியும் 78 நாள் கணக்கும்

ஐப்பசி மழை ஓய்ந்து கார்த்திகை தீபமும் கழிந்துவிட்டால், பச்சைமலைக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட பூமியில் பனி இறங்கத் தொடங்குகிறது. வட தேசத்துக் குளிரைக் கண்டவர்கள் இதைக் குளிரென்றே ஒப்புக்கொள்ளமாட்டார்கள். நீர் உறைவதில்லை, கம்பளி வியாபாரிக்கு இங்கே பெரிய லாபமும் இல்லை. ஆயினும் பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் கூலி வேலை செய்து பிழைப்பவன் காய்ச்சல், இருமல், மூச்சிரைப்பு என்று படுத்துக்கொள்வது பெரும்பாலும் இந்த மாதங்களில்தான். மூன்று நாள் படுத்தால் மூன்று நாள் கூலி போயிற்று. வைத்தியருக்கும் மருந்துக்கடைக்கும் கொடுத்தது தனி. தைப் பொங்கலுக்குத் துணி எடுக்க முடிந்து வைத்திருந்த பணம் மார்கழியிலேயே கரைந்துபோகிறது. ஒவ்வோர் ஆண்டும் இது நடக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் இதை விதி என்று சொல்லி அமைந்துவிடுகிறோம்.

இது விதியன்று. நோயினால் இழந்த கூலியில் பெரும்பகுதியைத் திருப்பித் தருவதற்கென்றே சட்டம் ஒன்று இருக்கிறது. அதற்குரிய பணத்தில் ஒரு பங்கைத் தொழிலாளியே தன் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் கொடுத்துவருகிறான். மற்றொரு பங்கை அவன் பெயரில் முதலாளி கட்டுகிறார். இவ்வளவு கொடுத்தும், உரிய சமயத்தில் உரிய இடத்தில் கேட்டுப் பெறத் தெரியாமல் கடன்காரனிடம் போய் நிற்கிறான் என்றால், அந்தக் குற்றம் அவனுடையது மட்டுமல்ல. அவனுக்காகக் கூட்டம் கூட்டுகிறவர்களும், கொடி பிடிக்கிறவர்களும், துண்டுப் பிரசுரம் அச்சிடுகிறவர்களும் இந்தக் கணக்கைப் படித்துச் சொல்லாமல் விட்டதும் அதற்குக் காரணம். இதை நாம் எழுதுவது முக்கியமாக அவர்களை உத்தேசித்தே.

முதலில் நோயின் விஷயத்தைப் பார்ப்போம். அரியலூர்ச் சீமை ஒரு யுகத்தில் கடலாக இருந்தது. அக்கடலில் வாழ்ந்த ஜந்துக்களின் ஓடுகள் கோடிக்கணக்கான ஆண்டுகள் அழுந்திக் கிடந்து சுண்ணாம்புக் கல்லாயின. 1939-ல் பக்கத்து டால்மியாபுரத்தில் சிமெண்டு ஆலை வந்ததும், 1979-ல் அரியலூரில் சர்க்கார் ஆலை வந்ததும், பிறகு தனியார் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்ததும் அக்கல்லை நம்பியே. கல்லை வெட்டுவதிலும் தூசி, உடைப்பதிலும் தூசி, சிமெண்டை மூட்டையில் நிரப்புவதிலும் லாரியில் ஏற்றுவதிலும் தூசி. கோடையில் வெயில் ஏறஏற இத்தூசி மேலே எழும்பிக் கலைந்துவிடும். பனிக்காலத்து விடியற்காலையிலோ, தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கிடப்பதால், புகையும் தூசியும் ஆள் உயரத்திலேயே தங்கிவிடுகின்றன. இரவு முறை முடிந்து வெளியே வருகிறவனும், காலை முறைக்கு உள்ளே போகிறவனும் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். குளிர்ந்த காற்று தானாகவே சுவாசக் குழாயைச் சுருக்கும் இயல்புடையது. அதோடு தூசியும் சேர்ந்தால், ஏற்கனவே சுவாசகாசம் உள்ளவனுக்கு இரவு முழுவதும் உட்கார்ந்தே கழியவேண்டியதாகிறது.

இதன்மேல் விஷக்காய்ச்சல். மேல்நாடுகளில் இன்புளூயன்சா என்னும் இக்காய்ச்சல் கடுங்குளிரோடு வரும்; தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையோடு பரவுகிறது. ஒரே வேனில் நெருக்கியடித்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களிடையே, ஒரே அறையில் முறை வைத்துத் தூங்குகிறவர்களிடையே, அது ஒருவரோடு நிற்பதில்லை. மழைநீர் தேங்கிய தொட்டியும் பழைய டயரும் கொசுவை வளர்த்து டெங்குவைக் கொண்டுவருவதும் இதே காலத்தில். ஈரப்பதம் குறைந்து தோல் வறண்டு வெடிக்கும்போது, காரத்தன்மையுள்ள சிமெண்டு அந்த வெடிப்புகளில் ஏறிப் புண்ணாக்குகிறது. வயது நாற்பதைக் கடந்தவர்களுக்கு இன்னொரு அபாயம் உண்டு. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் இரத்தக் கொதிப்பு ஏறுகிறது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாதவனை மாரடைப்பும் பக்கவாதமும் பிடிப்பதற்கு இது ஏதுவான காலம்.

சுக்கும் மிளகும் திப்பிலியும் தட்டிப் போட்ட கஷாயத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. தொண்டைக்கு அது இதம் தரும். வெந்நீர் குடிப்பதும், வேலை முடிந்ததும் தூசி போகக் குளித்து உடை மாற்றுவதும், நல்ல முகக்கவசம் அணிவதும் பலன் தரும். மூக்கைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொள்வது மட்டும் நுண்ணிய தூசியைத் தடுக்காது. நீரிழிவு, சுவாசகாசம், இதய நோய் உள்ளவர்கள் மழைக்காலத்துக்கு முன்னரே வருஷந்தோறும் இன்புளூயன்சாவுக்குத் தடுப்பூசி போட்டுக்கொள்வதைப் பற்றித் தங்கள் டாக்டரிடம் கேட்பது நலம். அக்கிருமி ஆண்டுக்கு ஆண்டு உருமாறுவதால் சென்ற வருஷத்து ஊசி இந்த வருஷத்துக்கு உதவாது. ஆனால் நம் ஊர்களில் வேறொரு ஊசிக்குத்தான் கிராக்கி அதிகம். "ஒரு ஊசி போட்டால் நாளைக்கே வேலைக்குப் போய்விடலாம்" என்ற நம்பிக்கையில் காய்ச்சலோடு மருந்துக்கடை வாசலில் நிற்கிறவர்கள் எத்தனை பேர்! சாதாரண ஜலதோஷமும் இன்புளூயன்சாவும் வைரஸினால் வருபவை. ஆன்டிபயாடிக் மருந்துகள் அவற்றின்மேல் வேலை செய்யா. டெங்குவாக இருந்துவிட்டால், கண்ட வலி மாத்திரைகளை விழுங்குவது இரத்தக் கசிவுக்கே வழிசெய்யும். இதையெல்லாம் தொழிலாளி அறியாதவன் என்று நினைக்கவேண்டாம். அவன் அந்த ஊசியைக் கேட்பது உடம்புக்காக அல்ல, நாளைய கூலிக்காக. படுத்திருந்தால் கூலி கிடைக்கும் என்று அவனுக்கு உறுதியாகத் தெரிந்தால், ஊசிக்காரனைத் தேடி ஓடமாட்டான்.

ஒரு வேடிக்கையையும் இங்கே சொல்லிவிடலாம். 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் வெயில் காலத்தில் குளிர்ந்த குடிநீர் கொடுக்கவேண்டும் என்று விதித்தது. பனிக்காலத்தில் வெந்நீர் கொடுக்கவேண்டும் என்று அதில் ஓர் அட்சரமும் இல்லை. இந்தியா முழுவதும் எப்போதும் வெயில்தான் என்று சட்டம் எழுதியவர்கள் கருதினார்கள் போலும். சங்கங்கள் கேட்டால் எந்த நிர்வாகமும் மறுக்கமுடியாத சிறு கோரிக்கை இது.

இனி உரிமையின் விஷயம். நோயுற்ற தொழிலாளிக்குச் சம்பளம் என்பது ஏதோ தர்மப் பிரபுக்களின் தயவால் வந்ததன்று. ஜெர்மனியில் 1883-ல் நோய்க் காப்புச் சட்டம் வந்தது; இங்கிலாந்தில் 1911-ல். அதே இங்கிலாந்து நம்மை ஆண்டுகொண்டிருந்தபோது இங்கே அது வரவில்லை. 1908-ல் தூத்துக்குடிக் கோரல் மில் தொழிலாளர்கள் வ. உ. சிதம்பரம் பிள்ளையின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது கேட்டவற்றில் வார ஓய்வும் ஒன்று. அதற்கே போராட்டம் வேண்டியிருந்தது. 1918-ல் சென்னையில் தொழிற்சங்கம் பிறந்தது. 1931-ல் விட்லி கமிஷன் நோய்க் காப்பைப் பற்றிப் பேசியது; பேச்சோடு நின்றது. பேராசிரியர் அடார்க்கர் 1944-ல் திட்டம் வகுத்துக் கொடுத்தார். சுதந்திரம் வந்த எட்டாம் மாதத்தில், 1948 ஏப்ரல் 19-ந் தேதி, தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம் பிறந்தது. 1952 பிப்ரவரி 24-ந் தேதி கான்பூரில் ஜவஹர்லால் நேரு அத்திட்டத்தைத் தொடங்கிவைத்தார். தமிழ்நாட்டில் 1955-ல் கோயமுத்தூரில் அது முதலில் அமலுக்கு வந்தது. இ.எஸ்.ஐ. என்று ஜனங்கள் வாயில் வழங்குவது இதுவே.

கணக்கு என்ன? மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இதில் சேர்ந்தவர்கள். 2019 ஜூலை முதல் தொழிலாளியின் சந்தா சம்பளத்தில் நூற்றுக்கு 0.75, முதலாளியின் சந்தா 3.25. மாதம் 15,000 ரூபாய் வாங்குகிறவனிடம் சுமார் 113 ரூபாய் பிடிக்கப்படுகிறது. முதலாளி சுமார் 488 ரூபாய் சேர்க்கிறார். ஆக, அவன் பெயரில் மாதம் 600 ரூபாய், வருஷத்துக்கு 7,200 ரூபாய் போய்ச் சேருகிறது. இதற்குப் பிரதியாக, வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே அவனுக்கும் அவன் குடும்பத்துக்கும் வைத்தியம் உண்டு. நோயினால் வேலைக்குப் போகமுடியவில்லை என்று இ.எஸ்.ஐ. டாக்டர் சான்று கொடுத்தால், சராசரிக் கூலியில் நூற்றுக்கு 70 வீதம் வருஷத்தில் 91 நாள் வரை பணமும் உண்டு. நாள் ஒன்றுக்கு 500 ரூபாய்க் கூலியானால், படுத்திருக்கும் நாளுக்கு 350 ரூபாய். முதல் இரண்டு நாளுக்கு மட்டும் பணம் இல்லை. ஆனால் முன்பு பணம் பெற்ற நோய் தீர்ந்து பதினைந்து நாளுக்குள் மறுபடி படுத்தால் அந்த விலக்கும் இல்லை. விஷக்காய்ச்சலில் ஒரு வாரம் கிடந்தவனுக்கு ஐந்து நாள் பணமாக 1,750 ரூபாய் அவன் பாங்குக் கணக்குக்கு வந்துசேரும். அவன் வருஷம் முழுவதும் கொடுக்கும் சொந்தச் சந்தாவோ 1,356 ரூபாய்தான்.

இவ்வளவு எளிதாயிருந்தால் எல்லோருமே பெற்றிருப்பார்களே என்று வாசகர்கள் கேட்கலாம். நாம் தலைப்பில் சொன்ன 78 நாள் இங்கேதான் குறுக்கே வருகிறது.

வருஷத்தை இ.எஸ்.ஐ. இரண்டு சந்தாக் காலங்களாகப் பிரிக்கிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று. அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றொன்று. ஒரு சந்தாக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டப்பட்டிருந்தால்தான் அதற்குரிய பலன் காலத்தில் நோய்ப் பணம் உண்டு. ஏப்ரல்–செப்டம்பர் சந்தாவுக்குப் பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அக்டோபர்–மார்ச் சந்தாவுக்குப் பலன் அடுத்த ஜூலை முதல் டிசம்பர் வரை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவனுக்கு முதல் பலன் காலம் ஒன்பது மாதம் கழித்தே தொடங்குகிறது.

இதைப் பனிக்காலத்தோடு பொருத்திப் பாருங்கள். மார்கழி மாதம் டிசம்பர் நடுவில் பிறந்து ஜனவரி நடுவில் முடிகிறது. அம்மாதத்தை இந்தக் கணக்கு இரண்டாக வெட்டுகிறது. டிசம்பர் 31-ந் தேதி வரை படுத்தவனுக்கு, முந்திய பனிக்காலத்தில் அவன் எத்தனை நாள் வேலை செய்தான் என்பதே கேள்வி. ஜனவரி 1-ந் தேதி முதல், சென்ற கோடையிலும் ஆடி ஆவணியிலும் அவன் எத்தனை நாள் வேலை செய்தான் என்பதே கேள்வி. ஒரே காய்ச்சல், ஒரே பாய், இரவு பன்னிரண்டு மணி அடித்ததும் உரிமை வரலாம், அல்லது போகலாம்.

நம் ஜில்லாக்களில் இதன் விளைவு விசேஷமானது. பெரம்பலூர் மானாவாரிச் சீமை. மழை விழுந்ததும் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் ஆளைக் கூப்பிடுகின்றன. ஆலையில் கண்டிராக்டின்கீழ் மூட்டை தூக்குகிறவன் பலருக்கு இரண்டு ஏக்கர் சொந்தக் காடு உண்டு. அவன் செப்டம்பர் கடைசியில் ஆலையை விட்டுக் காட்டுக்குப் போய், வேலை முடித்து, புத்தாண்டு பிறந்ததும் ஆலைக்குத் திரும்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்று மாதமும் ஒரு நாள் விடாமல் வேலை செய்கிறான். சாதாரண வருஷத்தில் இம்மூன்று மாதத்துக்கும் 90 நாள். ஞாயிறுகள் பெரும்பாலும் பதின்மூன்று வரும். ஞாயிற்றுக்கிழமைக்குக் கூலியில்லாத தினக்கூலிக்காரனுக்கு மிச்சம் 77 நாள். வேண்டியதோ 78! ஒரே ஒரு நாள் குறைந்ததற்காக, ஜூலை முதல் டிசம்பர் வரை, அதாவது டெங்குவும் விஷக்காய்ச்சலும் பரவும் அடுத்த மழைக்காலம் முழுவதும், அவனுக்கு நோய்ப் பணம் கிடையாது. இதை அவனுக்கு யாராவது சொல்லியிருந்தால், டிசம்பர் கடைசி வாரத்தில் இரண்டு நாள் முன்னதாகவே ஆலைக்குத் திரும்பியிருப்பான். யாரும் சொல்லவில்லை.

சந்தா சரியாகக் கட்டப்படுகிறதா என்பது அடுத்த கேள்வி. கண்டிராக்டர் மாறும்போதெல்லாம் தொழிலாளிக்குப் புது இன்ஷ்யூரன்ஸ் எண் வாங்கிவிடுவது ஒரு வழக்கமாயிருக்கிறது. பழைய எண்ணில் 50 நாள், புது எண்ணில் 40 நாள் என்று கணக்கு உடைந்து, இரண்டிலும் 78 சேராமல் போகிறது. எண் ஒருவனுக்கு ஆயுள் முழுவதும் ஒன்றே. எந்த ஆலைக்குப் போனாலும், எந்தக் கண்டிராக்டரிடம் சேர்ந்தாலும், அந்த எண்ணையே கொடுக்கவேண்டும். சில இடங்களில் இருபத்தாறு நாள் வேலை வாங்கிப் பதினைந்து நாளுக்குமட்டும் சந்தா கட்டுவதும் உண்டு. கண்டிராக்டர் கட்டத் தவறினால் தலைமை முதலாளியே பொறுப்பு என்பது 1948-ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே தெளிவாகச் சொல்லப்பட்டது. "அவன் எங்கள் ஆள் அல்ல, கண்டிராக்டர் ஆள்" என்று ஆலை நிர்வாகம் கையை விரிப்பதற்கு இந்த விஷயத்தில் இடமே இல்லை.

பயமும் ஒரு காரணம். ஒரு வாரம் படுத்துவிட்டுச் சான்றோடு போனால் வேலை இருக்குமா என்று அவன் அஞ்சுகிறான். நோய்ப் பணம் பெற்றுவரும் காலத்தில் தொழிலாளியை நீக்கவோ, கீழிறக்கவோ, தண்டிக்கவோ கூடாது என்று அதே சட்டத்தின் 73-வது பிரிவு கட்டளையிட்டது. அச்சட்டம் இப்போது தனித்து நிற்கவில்லை. 2020-ல் பார்லிமெண்டு நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, 2025 நவம்பர் 21-ந் தேதி அமலுக்கு வந்து அதைத் தன்னுள் அடக்கிக்கொண்டது. பழைய பாதுகாப்பு ஒன்றும் புதிய தொகுப்பின் விதிகளில் நழுவிவிடாமல் பார்த்துக்கொள்வது எல்லாச் சங்கங்களுக்கும், அவற்றின் கொடி எந்த நிறமாயினும், பொதுவான வேலை.

அத்தொகுப்பில் அரியலூருக்கு மிக முக்கியமான ஒரு மாறுதல் இருக்கிறது. அதைப் பற்றி இங்கே போதிய பேச்சு எழவில்லை என்பது நமக்கு வியப்பாயிருக்கிறது. 1948-ஆம் வருஷத்துச் சட்டம் 'தொழிற்சாலை' என்ற சொல்லிலிருந்து சுரங்கத்தை விலக்கிவைத்தது. ஆகவே ஒரே கல்லைத் தொடுகிற இரண்டு சகோதரர்களில், ஆலைக்குள் அரைக்கிறவனுக்கு இ.எஸ்.ஐ. உண்டு, குழியில் வெட்டுகிறவனுக்கு இல்லை. குழியில் இருப்பவனுக்கு, சுரங்க விதிகளின்படி ஐந்து ஆண்டுகளுக்கு மிகாமல் ஒருமுறை மார்பு எக்ஸ்ரே உட்பட உடல் பரிசோதனை என்று வைத்தார்கள். பரிசோதனை நோயைக் கண்டுபிடிக்கும். படுத்த நாளுக்குக் கூலி கொடுக்காது. சுண்ணாம்புக் கல், டோலமைட் சுரங்கத் தொழிலாளர்களுக்கென்று 1972-ல் தனி நல நிதிச் சட்டம் ஒன்று வந்தது. அதற்கு ஆதாரமான தீர்வை பிறகு எடுபட்டுப் போயிற்று. இப்போதைய தொகுப்போ, பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் ஸ்தாபனங்களுக்கெல்லாம் இ.எஸ்.ஐ.யை விரிக்கிறது, 'ஸ்தாபனம்' என்ற சொல்லுக்குள் சுரங்கத்தையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. எழுபத்தேழு வருஷமாக நின்ற சுவர் எழுத்தில் இடிந்துவிட்டது. எழுத்தில் இடிந்த சுவர் நடப்பில் நின்றுகொண்டே இருப்பதை இந்நாட்டில் நாம் பலமுறை கண்டிருக்கிறோம். 21,000 ரூபாய்க்குக் குறைந்த சம்பளமுள்ள சுரங்கத் தொழிலாளி ஒவ்வொருவனுக்கும் எண் வாங்கித் தரும்படி இப்போதே கேட்கவேண்டும்.

மற்றொரு சுவர் இடியவில்லை. பருவத் தொழிற்சாலைகளுக்கு இச்சட்டம் இல்லை என்று 1948-ல் எழுதியதைப் புதிய தொகுப்பும் அப்படியே எழுதியிருக்கிறது. சர்க்கரை ஆலையும் பஞ்சு அரைத்துப் பொதி கட்டும் ஆலையும் அந்த வகையைச் சேர்ந்தவை. பெரம்பலூர் ஜில்லாவில் எறையூர்ச் சர்க்கரை ஆலையில் கரும்பு அரவை நடப்பது பனிக்காலத்தில். பருத்தி எடுத்துப் பஞ்சு அரைப்பதும் அதையொட்டியே. மனிதன் அதிகம் நோய்ப்படும் மாதங்களில் ஓடுகிற ஆலைக்கு நோய்க் காப்பு இல்லை. ஓடாத மாதங்களில் அவனுக்கு அது தேவையும் இல்லை! சில மாதமே வேலை நடப்பதால் கணக்கு வைப்பது கஷ்டம் என்று அந்நாளில் சமாதானம் சொன்னிருக்கலாம். ஒவ்வொருவனுக்கும் ஓர் எண், ஒவ்வொரு நாளும் கம்ப்யூட்டரில் பதிவு என்று ஆகிவிட்ட இந்நாளில் அந்தச் சமாதானம் செல்லாது. இந்த விலக்கை நீக்கும்படி நம் பார்லிமெண்டு அங்கத்தினர்கள் குரல் எழுப்பவேண்டும்.

நிரந்தரத் தொழிலாளிகளில் பலர் 21,000 ரூபாய்க்கு மேல் வாங்குகிறவர்கள். அவர்களுக்கு நிர்வாகத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தமே கதி. சந்தாக் காலத்தின் நடுவில் சம்பளம் உயர்ந்து எல்லையைத் தாண்டியவனுக்கு, அக்காலம் முடியும் வரை காப்பு நீடிக்கிறது என்பதை மட்டும் அவர்கள் நினைவில் வைக்கட்டும். சொந்தமாக ஒரு லாரி ஓட்டுகிறவனும், வயல் கூலியும், இத்திட்டத்துக்கே வெளியே நிற்கிறார்கள். அவர்களுக்கு நல வாரியங்களும், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும், 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவ'மும் இருக்கின்றன. ஆஸ்பத்திரிச் செலவையும் மாத்திரையையும் அவை தாங்கும். படுத்த நாள் கூலியைத் தாரா. அரியலூரில் 2022-ல் சர்க்கார் மருத்துவக் கல்லூரி வந்தபின் பெரிய நோய்க்குத் தஞ்சைக்கும் திருச்சிக்கும் ஓடவேண்டிய நிலை குறைந்திருப்பது உண்மை. கூலியின் கேள்விக்கு அது விடையாகாது.

பரிசோதனை விஷயத்தில் ஒரு வார்த்தை. சிமெண்டுத் தொழிலை ஆபத்தான தொழில்களின் பட்டியலில் சேர்த்து, அதில் வேலை செய்கிறவர்களைப் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை முதலாளி செலவில் பரிசோதிக்கவேண்டும் என்றும், அந்தக் குறிப்பைத் தொழிலாளி பார்க்க உரிமை உண்டு என்றும் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. அதன் இடத்தில் வந்துள்ள புதிய தொகுப்பு வருஷாந்தரப் பரிசோதனையை மற்றத் தொழில்களுக்கும் விரிக்கிறது. நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அது இலவசம் என்று மத்திய சர்க்கார் அறிவித்திருக்கிறது. தமிழ்நாட்டுச் சர்க்கார் 2024 ஜனவரியில் தொழிற்சாலைகளுக்கே ஆட்களை அனுப்பி இரத்தக் கொதிப்பையும் நீரிழிவையும் பார்க்கும் ஏற்பாட்டைத் தொடங்கியது. இப்பரிசோதனைகளை நிர்வாகங்கள் தங்களுக்குச் சௌகரியமான ஏதோ ஒரு மாதத்தில் நடத்துகின்றன. புரட்டாசியில் நடத்தினால் பனி இறங்குமுன் கொதிப்புள்ளவனுக்கு மாத்திரை கிடைக்கும். மாசியில் நடத்தி என்ன பயன்?

இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலைப் 'பனி இருமல்' என்று தள்ளிவிடுவது இப்பிரதேசத்தில் மிகப் பெரிய ஆபத்து. அவன் சளியைப் பரிசோதித்தே ஆகவேண்டும். க்ஷயமாக இருந்தால் மருந்து இலவசம். 2024 நவம்பர் முதல் சிகிச்சைக் காலத்தில் ஆகாரத்துக்கென்று மாதம் 1,000 ரூபாய் கொடுக்கிறார்கள். இ.எஸ்.ஐ.யில் இரண்டு வருஷம் தொடர்ந்து இருந்து, முந்திய நான்கு சந்தாக் காலங்களில் 156 நாள் சந்தா உள்ளவனுக்கு, 91 நாள் முடிந்த பிறகும் நூற்றுக்கு 80 வீதம் இரண்டு வருஷம் வரை பணம் நீடிக்க வழியிருக்கிறது. தூசியினால் வந்த நுரையீரல் நோய் என்று நிரூபணமானால் அது தொழில் நோயாகக் கருதப்படும். நூற்றுக்கு 90 வீதம் உண்டு. நிரூபிப்பதற்கு வருஷாவருஷம் எடுத்த பரிசோதனைக் குறிப்புகள் கையில் இருக்கவேண்டும். அக்குறிப்பின் நகலைக் கேட்டு வாங்கி வீட்டுப் பெட்டியில் வைத்துக்கொள்ளாதவன் பிற்பாடு எதைக் காட்டுவான்?

ஊழியர்கள் செய்யவேண்டியது பெரிய காரியமன்று. ஆலை வாசல் டீக்கடையில் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தொழிலாளியின் பெயர், அவனுடைய இன்ஷ்யூரன்ஸ் எண், அவன் சேர்ந்த மருந்தகம், மாதந்தோறும் வேலை செய்த நாள் எத்தனை, சந்தா கட்டிய நாள் எத்தனை என்று அதில் எழுதிவரலாம். இரண்டும் ஒத்துவராத இடத்தில் அந்த மாதமே எழுதிக் கேட்கலாம். வருஷம் கழித்துக் கேட்டால் கண்டிராக்டரே ஊரில் இருக்கமாட்டார். காய்ச்சல் கண்ட முதல் நாளே இ.எஸ்.ஐ. டாக்டரிடம் போய்ச் சான்று வாங்கவும், குணமானதும் குணச் சான்று வாங்கி வேலைக்குத் திரும்பவும் சொல்லிக்கொடுக்கலாம். எறையூர் சிப்காட்டில் காலணி தைக்கும் இளம் பெண்களிடம் இதைச் சொல்வதற்குப் பெண் ஊழியர்களே போவது நல்லது. அவர்களில் பலருக்கு இதுவே முதல் சம்பளம், இதுவே முதல் எண்.

இந்தச் சந்தாக் காலம் மார்ச் 31-ந் தேதி முடிகிறது. ஜனவரி முதல் வாரத்தில் நோட்டைத் திறந்தால், யாருக்கு எத்தனை நாள் குறைகிறது என்பதும், மிச்சமுள்ள வாரங்களில் அதை நிரப்ப முடியுமா என்பதும் தெரிந்துவிடும். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவன் திரும்பிவர இரண்டு நாள் தாமதித்தால் 78 குறையுமா குறையாதா என்பதை அவன் பஸ் ஏறுமுன்பே சொல்லிவிடலாம்.